தொட்டிக்கு மூணு டைகர் பார்ப் மீன் வாங்கினீங்களா? போச்சு!

இந்த ஏஞ்சல் மீனைப் பாருங்க. வயித்துக்குக் கீழ ரெண்டு துடுப்பு நூல் மாதிரி நீளமா தொங்கணும். காலைல நான் வேலைக்குக் கிளம்பும்போது தொங்குச்சு. சாயங்காலம் வந்து பார்த்தா ரெண்டும் அரை இஞ்ச் குச்சி! குற்றவாளியைத் தேடவே வேணாம். அதோ, மஞ்ச உடம்பு, நாலு கறுப்புப் பட்டை, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி சுத்துறான். டைகர் பார்ப்.

ஜாதகத்தை வேகமா சொல்லிடறேன். சுமத்ரா, போர்னியோ பக்கத்து மீன். 1855ல ப்ளீக்கர்ங்கிற டச்சு ஆய்வாளர் பேர் வெச்சார். 7 சென்டிமீட்டர் வரைக்கும் வளரும். 24, 26 டிகிரி தண்ணி போதும். சரி, விஷயத்துக்கு வாங்க.

இவன் ஏன் கடிக்கிறான்? என்னைக் கேட்டா, கடிக்கவே இல்ல, கபடி ஆடுறான்! நல்லா கவனிங்க. சர்ருனு பாயறான், ஒரு தொடு, உடனே திரும்பி தன் கூட்டத்துக்கே ஓடிடறான். யாரு பெரியவன்னு முடிவு பண்ற ஆட்டம் இது. மூக்கு நல்லா சிவந்து இருக்கிற ஆண்களைப் பாருங்க, அவங்கதான் ரொம்பத் துள்ளுவாங்க. எட்டு, பத்து பேர் இருந்தா அடி பத்துப் பக்கமா பிரிஞ்சுடும். எல்லாருக்கும் குட்டைத் துடுப்பு, ஒரே வேகம், யாருக்கும் பெரிய சேதம் இல்ல. மூணே மூணு பேர் இருந்தா? நோஞ்சானா இருக்கிற ஒருத்தன் நாள் பூரா அடி வாங்குவான். இல்லன்னா ஆள் பத்தலன்னு பக்கத்து வீட்டு ஏஞ்சல்கிட்ட ரெய்டு போவாங்க. அது பாவம், புடவை கட்டிக்கிட்டு கபடி ஆட வந்த மாதிரி மெதுவா திரும்புறதுக்குள்ள நூல் காலி.

நான் வாங்கினது மூணு. தப்பு என்னோடதுதான்.

அதனால குறைஞ்சது எட்டு. ஆனா ஒண்ணு, எட்டு இருந்தாலும் பைட்டர், கப்பி, கௌராமி, ஏஞ்சல் மீன்களோட சேர்த்து விடாதீங்க. கூட்டம் பெருசானா கடி குறையும், நிக்காது. தொட்டி 80 சென்டிமீட்டர் நீளமாவது வேணும். உயரம் இவனுக்கு எதுக்கு? ஓட மைதானம்தான் வேணும். மூடி போடுங்க, குதிப்பான். கூட விடறதுக்கு ஜீப்ரா டேனியோ மீன் சரியா வரும், அதுவும் ஓட்டக்காரன்தான். பட்டை ஒத்துப்போகுதேன்னு க்ளவுன் லோச் வாங்குறவங்க, அது ஒரு அடி வளர்ற மீன்னு தெரிஞ்சு வாங்குங்க.

இப்ப எனக்குப் பிடிச்ச சமாச்சாரம். ராத்திரி லைட்டை அணைச்சுட்டு டார்ச்சை ஓரமா காட்டிப் பாருங்க. எல்லாம் தலையைக் கீழ சாய்ச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்கும். முதல் தடவை பார்த்தப்ப செத்துப்போச்சுன்னு வலையோட ஓடினேன். தூங்குதுங்க! பகல்லயும் அப்படியே நின்னா மட்டும் தண்ணியை உடனே டெஸ்ட் பண்ணுங்க.

உங்க தொட்டியில எத்தனை இருக்கு, கமென்ட்ல சொல்லுங்க. மூணுன்னு சொல்றவங்களைத் திட்ட மாட்டேன். ஏஞ்சலை முதல்ல வேற தொட்டிக்கு மாத்திட்டு வந்து டைப் பண்ணுங்க.