லஞ்சம் கொடுக்க ஆள் தெரியாத நீதிமன்றம்

அனைவருக்கும் வணக்கம்.

பழைய ஏதென்ஸைப் பற்றி மேடையேறினால், ஜனநாயகம் பிறந்த ஊர் என்று சொல்லி, பெரிக்ளிஸ், சாக்ரடீஸ் என நாலு பெயரை உதிர்த்துவிட்டு இறங்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. இன்று ஒரே ஒரு வேலையை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். வழக்கு நாளன்று காலையில், அந்த ஊர் ஜூரிகளை எப்படிப் பிடித்தது?

இதை விவரமாகச் சொல்வது அரிஸ்டாட்டில் பெயரால் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூல். எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களிலிருந்து 1891-இல் அச்சுக்கு வந்தது. சுருளின் முன்பக்கம் ஒரு பண்ணையின் வரவு செலவு. பின்பக்கம் இந்த நூல். பண்ணைக் கணக்கு எழுதியவர் தாளை இரண்டு பக்கமும் நிரப்பியிருந்தால், இன்று இங்கே பேச எனக்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

30 வயது நிரம்பிய, அரசுக்குக் கடன் பாக்கி வைக்காத ஆண் குடிமக்களில் ஆண்டுக்கு 6,000 பேர் சீட்டுப் போட்டு எடுக்கப்பட்டார்கள். பெரிக்ளிஸ் இவர்களுக்குப் படி கொடுக்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். பிறகு அரசியல் தலைவர் கிளியோன் அதை நாளுக்கு 3 ஓபோலாக உயர்த்தினார். 6 ஓபோல் சேர்ந்தது ஒரு திராக்மா. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டட வேலைக்குப் போனவருக்கு நாளுக்கு ஒரு திராக்மா கிடைத்தது. ஜூரிக்கு அதில் பாதிதான். உடம்பில் தெம்புள்ளவன் கூலிக்குப் போவான். வயதானவர்கள் நீதிமன்றத்துக்கு வருவார்கள். ஜூரிக் கிழவர்களைக் குளவிகளாக வேடம் கட்டி நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனிஸ் மேடையேற்றியது சும்மா இல்லை.

முதலில் ஏற்பாடு எளிமையாகவே இருந்தது. ஒரு ஜூரி ஆண்டு முழுவதும் ஒரே மன்றத்தில் உட்காருவார். கோளாறும் அங்கேதான். யார் எங்கே உட்காருகிறார் என்பது ஊருக்கே தெரியும். பை நிறையக் காசு இருப்பவனுக்கும் தெரியும். பைலோஸ் கோட்டை கைவிட்டுப்போன வழக்கில் சிக்கிய தளபதி அனிட்டஸ்தான் முதன்முதலில் ஜூரிகளுக்கு லஞ்சம் கொடுத்தவர் என்று அந்த நூல் சொல்கிறது. தப்பித்தும் விட்டார். பத்தாண்டு கழித்து, கி.மு. 399-இல், இளைஞர்களைக் கெடுத்தார் என்று சாக்ரடீஸ் மீது குற்றம் சாட்டியவர்களில் இதே அனிட்டஸும் ஒருவர்!

அதன் பிறகு விதிகள் படிப்படியாக இறுகின. அரிஸ்டாட்டில் காலத்தில் காலை வேலை இப்படி நடந்தது.

ஒவ்வொரு ஜூரியிடமும் பெயர்ச்சீட்டு ஒன்று இருக்கும். முன்பு அது விரல் நீளத்துக்குச் சற்று கூடுதலான வெண்கலத் தகடு. பிறகு மரத்தில் செய்தார்கள். அதில் அவர் பெயர், தகப்பன் பெயர், ஊர், கூடவே கிரேக்க நெடுங்கணக்கின் முதல் பத்து எழுத்துகளில் ஒன்று. குடிமக்கள் பத்துக் குலங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தார்கள். குலத்துக்கு ஒரு வாசல், வாசலில் பத்துப் பெட்டி. தம் எழுத்துள்ள பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். பெட்டியைக் குலுக்கி முதலில் எடுக்கும் சீட்டுக்கு உரியவர்தான் அந்தப் பெட்டியின் மற்றச் சீட்டுகளைக் குலுக்குப் பலகையில் செருகும் ஆள். இந்த வேலைக்கு ஏன் நிரந்தர ஊழியர் இல்லை? தினமும் ஒரே கை செருகினால், எந்தச் சீட்டு எந்த வரிசையில் விழ வேண்டும் என்பதை அந்தக் கை தீர்மானித்துவிடும். அதனால் செருகும் ஆளையே சீட்டு எடுத்துப் போட்டார்கள்.

பலகை என்பது துளைகள் வரிசையாக வெட்டிய ஒரு சட்டம். குலத்துக்கு இரண்டு பலகை, ஒவ்வொன்றிலும் ஐந்து நெடுவரிசை, நெடுவரிசைக்கு ஓர் எழுத்து. குறுக்கே பார்த்தால் வரிக்கு ஐந்து சீட்டு. பக்கத்தில் ஒரு குழாய். அதற்குள் வெள்ளையும் கறுப்புமாக வெண்கலக் காய்கள். காய் ஒவ்வொன்றாக வெளியே வரும். வெள்ளை வந்தால் அந்த வரியின் ஐந்து பேரும் உள்ளே. கறுப்பு வந்தால் ஐந்து பேரும் சீட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்று மன்றம் நடக்கிறது, மன்றத்துக்கு 500 பேர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,500, குலத்துக்கு 150. ஒரு குலத்தில் 300 பேர் வந்திருந்தால் இரண்டு பலகையிலும் சேர்த்து 60 வரி. அப்போது 30 வெள்ளைக் காய், 30 கறுப்புக் காய்.

தேர்வானாலும் எந்த மன்றம் என்பது இன்னும் தெரியாது. ஒரு குடத்தில் கைவிட்டு, ஓக் மரக் கொட்டை போன்ற ஒரு சில்லை எடுக்க வேண்டும். அதில் மன்றத்தின் எழுத்து இருக்கும். அந்த எழுத்துகள் பதினொன்றாவதான லாம்டாவில்தான் தொடங்கும். ஆள் எழுத்தும் மன்ற எழுத்தும் குழம்பக் கூடாதல்லவா? எடுத்த சில்லை அதிகாரியிடம் காட்டினால், அவர் ஜூரியின் பெயர்ச்சீட்டை அந்த மன்றத்தின் பெட்டியில் போடுவார். கையில் வண்ணம் பூசிய ஒரு கோல் கொடுப்பார்கள். மன்ற வாசலின் மேல்கட்டையில் அதே வண்ணம் இருக்கும். வேறு வாசலுக்கு நழுவினால் கையிலிருக்கும் கோலே காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது அனிட்டஸ் பையோடு வந்து நின்றால் யாரிடம் கொடுப்பார்?

உள்ளே போனால் நேரத்துக்குத் தண்ணீர்தான் அளவு. ஏதென்ஸ் சந்தைவெளியில் கிடைத்த நீர்க்கடிகாரப் பானை ஒன்று சுமார் 6.4 லிட்டர், அதாவது இரண்டு கோவுஸ் கொள்ளும். வடிய ஏறக்குறைய ஆறு நிமிடம். விளிம்புக்குக் கீழே ஒரு துளை. கூடுதலாக ஊற்றினால் தண்ணீர் அதன் வழியே வழிந்துவிடும், ஆகவே ஒருவருக்குத் தளும்பத் தளும்பவும் மற்றவருக்குக் குறையவும் ஊற்ற முடியாது. 5,000 திராக்மாவுக்கு மேற்பட்ட வழக்கில் முதல் பேச்சுக்கு 10 கோவுஸ், மறுபேச்சுக்கு 3. முதல் பேச்சு ஏறத்தாழ அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். தனியார் வழக்கில் சட்டமோ சாட்சியமோ வாசிக்கும்போது தண்ணீரை அடைத்துவிடுவார்கள். 'தண்ணீரைப் பிடி' என்று பேசுபவர் ஊழியரிடம் சொல்வது அக்கால நீதிமன்ற உரைகளில் அப்படியே பதிவாகியிருக்கிறது.

ஜூரிகள் தங்களுக்குள் கலந்து பேச நேரம் ஒதுக்கப்படுவதில்லை. பேச்சு முடிந்ததும் வாக்கு. ஒவ்வொருவர் கையிலும் நடுவே அச்சு பொருத்திய இரண்டு வெண்கல வில்லைகள். ஒன்றின் அச்சு துளையுள்ளது. அது வழக்குத் தொடுத்தவருக்கு. மற்றது கெட்டி, எதிராளிக்கு. அச்சின் இரு முனைகளையும் விரல்களால் மூடிப் பிடித்தால் எது எது என்று பக்கத்திலிருப்பவனுக்குத் தெரியாது. செல்லும் வாக்கு வெண்கலச் சாடியில், செல்லாதது மரச் சாடியில். வெண்கலச் சாடியின் மூடித் துளை ஒரு வில்லை மட்டும் நுழையும் அளவு. வாக்குப் போட்டவருக்கு, மூன்று என்ற எண்ணைக் குறிக்கும் காமா எழுத்து பொறித்த ஒரு வில்லை கிடைக்கும். அதைக் காட்டினால்தான் 3 ஓபோல். வாக்குச் சமமாக விழுந்தால் எதிராளிக்கே வெற்றி.

இவ்வளவு பூட்டுப் போட்டும் பூட்டாத கதவுகள் உண்டு. சட்டத்தை எடுத்து விளக்கத் தேர்ந்த நீதிபதி யாரும் கிடையாது; வழக்காடுபவரே தமக்குத் தோதான சட்டத்தை எடுத்துப் படிப்பார். மேல்முறையீடு இல்லை. மற்ற அதிகாரிகள் பதவி முடிந்ததும் கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஜூரிக்கு அது கிடையாது. பெண்கள் மன்றத்தில் வழக்காட முடியாது. அடிமையின் வாக்குமூலம் சித்திரவதை செய்து வாங்கினால்தான் ஏற்கப்பட்டது. இதில்தான் அந்த முறை எனக்கு மிகவும் உறுத்துகிறது. எண்ணெய் போட்டதுபோல் ஓடும் குலுக்குப் பொறி, அதன் பக்கத்திலேயே சித்திரவதை. ஒன்று மற்றொன்றைத் தடுக்கவில்லை. மற்றவர்களுக்கு நீதிமன்ற உரை எழுதிக்கொடுத்துப் பெயர் வாங்கிய லிசியஸ், சிரக்கூஸிலிருந்து வந்து குடியேறியவரின் மகன். அவர் எழுதிய உரையைக் கேட்டு ஜூரி தீர்ப்புச் சொல்லும், ஆனால் குடிமகன் அல்லாததால் அந்த ஜூரியில் அவரால் உட்கார முடியாது.

குலுக்குப் பலகையின் கல்துண்டு ஒன்று இன்றும் ஏதென்ஸில், அட்டாலஸ் மண்டப அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அது அரிஸ்டாட்டிலுக்குப் பிந்தியது, நெடுவரிசைகள் பதினொன்று. பக்கவாட்டில் குழாய் பொருத்திய பள்ளம் தெரியும். வெண்கலப் பெயர்ச்சீட்டுகள் சில கல்லறைகளில் கிடைத்தன, உரியவரோடே புதைத்திருக்கிறார்கள். பல சீட்டுகளில் பழைய பெயரைத் தட்டி அழித்துவிட்டு, அதன் மேலேயே அடுத்தவர் பெயரைக் குத்தியிருப்பதையும் காணலாம்.