புரொட்யூசர்னா பணம் போடுறவரா? குவின்சி ஜோன்ஸ் பத்தின கேள்விக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "‘த்ரில்லர்’ ஆல்பத்துல பாடினது மைக்கேல் ஜாக்சன். நாலு பாட்டை எழுதினதும் அவர்தான். அப்போ புரொட்யூசர் குவின்சி ஜோன்ஸ் பணம் மட்டும்தானே போட்டிருப்பார்?"னு ஒரு நேயர் கேட்டிருக்காங்க.

இல்லைங்க. நம்ம ஊர்ல தயாரிப்பாளர்னா முதல் போடுறவர். ஆனா அமெரிக்காவுல ஒரு ஆல்பத்துக்குப் புரொட்யூசர்னா, சினிமாவுக்கு டைரக்டர் மாதிரி. எந்தப் பாட்டை எடுக்கறது, யாரை வாசிக்க வைக்கிறது, எங்க நிறுத்துறது, எல்லாம் அவர் முடிவு. ‘பீட் இட்’ல வர்ற அந்த கிடார் இருக்கே, அதுக்கு எடி வான் ஹேலனை, ஒரு ராக் வாசிப்பாளரை, போன் பண்ணிக் கூப்பிட்டது குவின்சிதான். ‘த்ரில்லர்’ பாட்டை எழுதின ராட் டெம்பர்டனைக் கூட்டிட்டு வந்ததும் அவர்தான்.

இன்னொண்ணு சொல்றேன், எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஆல்பம் முடிஞ்சுதுன்னு எல்லாரும் உக்காந்து கேக்குறாங்க, சத்தமே எடுபடல. காரணம், இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு நேரம் கூடிப்போச்சுன்னா, ஊசி ஓடுற வரிப்பள்ளத்தை நெருக்கி வெட்டணும், சத்தம் மெலிஞ்சு போயிடும். உடனே பாட்டுகளைக் கத்தரிச்சு, ஒவ்வொண்ணா மறுபடியும் மிக்ஸ் பண்ணாங்க. 1982 நவம்பர்ல வெளியாச்சு. உலகத்துலயே அதிகமா வித்த ஆல்பம் அதுதான்.

இந்தக் காது சும்மா வந்ததில்ல. குவின்சி 1933-ல சிகாகோவுல பிறந்தவர். 11 வயசுல, பசங்களோட சேர்ந்து சாப்பாடு தேடி ஒரு கட்டடத்துக்குள்ள பூட்டை உடைச்சுப் போறார். அங்க ஒரு பியானோ இருக்கு. தொட்டுப் பாக்குறார், அவ்வளவுதான், வாழ்க்கை திரும்பிடுச்சு. அப்புறம் டிரம்பெட், லயனல் ஹாம்ப்டனோட ஜாஸ் குழு, 1957-ல பாரிஸ் போய் நாதியா பூலான்ஜேங்கிற இசை ஆசிரியைகிட்ட பாடம். கவுண்ட் பேஸியோட ஜாஸ் குழுவோட சேர்ந்து பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடினதுக்கு இசைக்கோவை அமைச்சவரும் இவர்தான். சினிமாவுக்கும் நிறைய இசையமைச்சிருக்கார். 28 கிராமி இசை விருது வாங்கியிருக்கார்.

ஆனா 1974-ல மூளையில ரத்தக்குழாய் வெடிச்சுது. ரெண்டு அறுவை சிகிச்சை. உயிர் பிழைச்சார், ஆனா இனிமே டிரம்பெட் ஊதக்கூடாதுன்னுட்டாங்க. ஊதுற அழுத்தம், ரத்தக்குழாயை அடைக்கத் தலைக்குள்ள போட்ட கிளிப்பை நகர்த்திடும்னு பயம். சின்ன வயசுலேருந்து வாயில வெச்ச வாத்தியங்க அது.

நீங்க கேட்ட ‘த்ரில்லர்’ அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு வந்தது.