ரிட்டர்ன் போட்டால் எங்கே திரும்புகிறது?

(திரையில் ஒரே ஒரு வரி: ரிட்டர்ன்)

வணக்கம் மக்களே, திருநெல்வேலியிலிருந்து பேசுகிறேன். கணினி நிரலில் வரும் இந்த வரியைப் பாருங்கள். திரும்பிப் போ என்கிறது, எங்கே என்று சொல்லவில்லை! ஒரே ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, பத்து இடத்தில் கூப்பிட்டாலும் அந்தந்த இடத்துக்கே சரியாகத் திரும்புகிறதே, எப்படி?

கூப்பிடும்போதே அடுத்த கட்டளையின் முகவரி எழுதி வைக்கப்படுகிறது. ரிட்டர்ன் அதைப் பார்த்துத் தாவும்.

வரலாறு சுருக்கமாக: கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில் இதற்கு முதலில் வழி செய்தவர் டேவிட் வீலர். 1958-ல் ஃபோர்ட்ரான் 2 என்ற நிரல் மொழி வந்தபோது, கூப்பிடும் 'கால்' (call), திரும்பும் 'ரிட்டர்ன்' இரண்டும் மொழிக்குள்ளேயே வந்துவிட்டன.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வருவோம். முகவரியை எங்கே எழுதுவது? 1965-ல் வந்த பிடிபி-8 கணினி, கூப்பிடப்படும் ஃபங்ஷனின் (அதில் சப்ரொட்டீன் என்பார்கள்) முதல் இடத்திலேயே எழுதியது. டவுனில் ஒரு அல்வாக் கடை, வாசலில் ஒரே வரி எழுத இடமுள்ள சிலேட்டு என்று வையுங்கள். பாளையங்கோட்டைப் பையன் தன் வீட்டு முகவரியை எழுதிவிட்டு உள்ளே போகிறான். அவன் வெளியே வருவதற்குள் வண்ணார்பேட்டைக்காரர் அதை அழித்துத் தன்னுடையதை எழுதிவிடுகிறார். அப்புறம் என்ன, இரண்டு பேர் அல்வாவும் வண்ணார்பேட்டைக்குத்தான்!

இப்போது தன்னைத்தானே கூப்பிடும் ஃபங்ஷனை யோசியுங்கள், இதற்குப் பெயர் ரிகர்ஷன். மெயின் என்ற முக்கிய நிரல், ஃபேக்டோரியல் 3-ஐ, அதாவது 3 × 2 × 1-ஐக் கணக்கிடக் கூப்பிடுகிறது. சிலேட்டில் மெயின் முகவரி. ஃபேக்டோரியல் 3, தனக்கு வேண்டிய 2 × 1-க்காக ஃபேக்டோரியல் 2-ஐக் கூப்பிட்டதும் மெயின் முகவரி அழிந்து, ஃபேக்டோரியலுக்குள் இருக்கும் பெருக்கல் வரியின் முகவரி ஏறுகிறது. இனி ஒவ்வொரு ரிட்டர்னும் அந்தப் பெருக்கல் வரிக்கே போகும். பெருக்கு, திரும்பு, பெருக்கு, திரும்பு. மெயினுக்கு வழியே கிடையாது. முதன்முதலில் இதைப் பேப்பரில் போட்டுப் பார்த்தபோது அசந்துபோனேன்.

தீர்வு ஸ்டாக். பழைய முகவரியை அழிக்காமல் புதியதை அதன் மேல் வைப்பது, திரும்பும்போது மேலே இருப்பதை எடுப்பது. அவ்வளவுதான்! ஃபோர்ட்ரான் 77 வரை அந்த மொழியின் அதிகாரப்பூர்வ விதிகளில் ரிகர்ஷனுக்கு அனுமதி இல்லை, ஃபோர்ட்ரான் 90-ல்தான் வந்தது. 1960-லேயே அல்கால் என்ற இன்னொரு மொழி அதை அனுமதித்துவிட்டது. என்னைக் கேட்டால் அல்கால்தான் கெட்டிக்காரன்.

உங்களுக்கு ஒரு வேலை. ஃபேக்டோரியல் 4-ஐப் பேப்பரில் ஓட்டிப் பாருங்கள். ஸ்டாக் அதிக உயரத்தில் இருக்கும்போது எத்தனை முகவரிகள் நிற்கின்றன, அவற்றில் எத்தனை ஒரே முகவரி? கமெண்டில் போடுங்கள், ஒவ்வொன்றாகப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.