தீனி வைத்தால் மட்டும் போதுமா?

நேயர்களுக்கு வணக்கம்.

தெருப்பூனைகளைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் இரண்டு குரல் எழும். "பாவம், வாயில்லா ஜீவன், பசியோடு அலைகிறதே" என்பார் ஒருவர். "நீங்கள் தீனி வைக்கப் போய்த்தானே இத்தனை பூனை சேர்ந்தது? என் வாசலெல்லாம் அசிங்கம்" என்பார் அடுத்த வீட்டுக்காரர். நான் பல வருடங்களாகத் தீனி வைக்கிறவள். ஆனாலும் அடுத்த வீட்டுக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று தீனி வைப்பவர்களிடம் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

ஒரு பெண்பூனை நான்கைந்து மாதத்திலேயே சினைப்படலாம். குட்டி வயிற்றில் இருப்பது ஒன்பது வாரம்தான். ஈன்ற குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினைப்பட்டுவிடும். நாம் வைக்கும் தீனியில் தாயின் உடம்பு தேறுகிறது, அடுத்த ஈற்றுக்கும் தயாராகிறது. சரி, பிறந்த குட்டிகள் என்ன ஆகின்றன? தெருவில் பிறந்த குட்டிகளைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு அமெரிக்காவில் 2004-ல் வெளிவந்தது. நான்கில் மூன்று குட்டிகள் ஆறு மாதம் ஆவதற்குள் இறந்துபோயின, அல்லது காணாமல் போயின. காரணம் தெரிந்த சாவுகளைப் பார்த்தால், நாயிடம் மாட்டுவது, வண்டியில் அடிபடுவது, இப்படித்தான் பெரும்பாலும். தினமும் தட்டை நிரப்பி வைக்கிற கை இந்தச் சாவுகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். ஒரு பூனைக்கு நீங்கள் தீனி வைக்க ஆரம்பித்த அன்றே அதன் பிள்ளைப்பேறும் உங்கள் பொறுப்பாகிவிடுகிறது. கருத்தடை செய்யாமல் தீனி மட்டும் வைப்பது பாதி வேலை. அந்தப் பாதி வேலை சில சமயம் கெடுதலாகவே முடியும்.

கூண்டு வைத்துப் பிடித்து, கால்நடை மருத்துவரிடம் கருத்தடை ஆபரேஷன் செய்து, ரேபிஸ் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவதுதான் வழி. மயக்கத்தில் இருக்கும்போதே ஒரு காதின் நுனியைக் கொஞ்சம் நறுக்கிவிடுவார்கள். காதை வெட்டியிருக்கிறார்களே என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் உண்டு. அந்த அடையாளம் இல்லாவிட்டால், ஆபரேஷன் ஆன பூனையை யாராவது மறுபடி பிடித்து மறுபடி வயிற்றைக் கிழித்துப் பார்க்கும்படி ஆகிவிடும். எட்ட நின்று பார்த்தாலே தெரிய வேண்டும், அதற்குத்தான் காது.

ஏன் திரும்ப விட வேண்டும், யாராவது வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். பூனை மனிதரோடு பழகக் கற்றுக்கொள்வது பிறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரைக்கும்தான். அந்த நாட்களில் மனிதக் கையே படாமல் வளர்ந்துவிட்ட பூனைக்கு, வீட்டுக்குள் அடைபடுவது ஓயாத பயம். வீட்டில் வளர்ந்து தெருவுக்கு வந்த பூனை வேறு, அதற்கு நிச்சயம் வீடு தேடலாம். மனிதரை அண்டாத பூனையை நேசிப்பவர் அதைத் தொடாமல் இருக்கப் பழக வேண்டும்.

சாம்பல் வரிபோட்ட ஒரு பெண்பூனை நாங்கள் தீனி வைக்கும் பூனைக்கூட்டத்தில் இருந்தது. மற்றதெல்லாம் கூண்டில் ஏறிவிட்டன, அவள் மட்டும் ஏறவில்லை. கூண்டு இருக்கும் பக்கமே பார்க்காமல், மதில்மேல் உட்கார்ந்து வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பாள். பட்டினி போட்டால் வந்துவிடுவாள் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கூண்டின் கதவு விழாதபடி கயிற்றால் கட்டிவிட்டு, தட்டை வாசலில் வைத்தோம். வந்து தின்றாள். அடுத்த நாள் ஒரு சாண் உள்ளே. அதற்கடுத்து இன்னும் கொஞ்சம் உள்ளே. உடம்பு முழுக்க வெளியே இருக்க, கழுத்தை மட்டும் நீட்டித் தின்பாள், ஒரு பின்னங்காலை எப்போதும் ஓடத் தயாராக வைத்திருப்பாள். கடைசியில் முழுசாக உள்ளே போய்ச் சாப்பிடப் பழகிய பிறகுதான் கயிற்றை அவிழ்த்தோம். கதவு விழுந்ததும் கம்பியில் முட்டி மோதினாள். ஒரு துணியைப் போட்டு மூடினதும் அடங்கிப்போனாள். இருட்டு அவற்றுக்கு ஆறுதல், இதை மட்டும் மறக்காதீர்கள். மருத்துவர் முதலில் மடியைத் தடவிப் பார்த்தார். பால் கட்டியிருந்தால் எங்கேயோ குட்டிகள் காத்திருக்கின்றன என்று அர்த்தம். அப்படி இல்லை. ஆபரேஷன் முடிந்து திரும்ப விட்டபோது திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அப்புறம் மதில்மேல் அதே இடம், அதே எட்டம். என்னிடம் ஒருநாளும் ஒட்டியதில்லை. குட்டி போட்டு இளைக்காமல், மதில்மேல் வெயில் காய்ந்துகொண்டு வாழ்ந்தாள், நான் கேட்டது அவ்வளவுதான்.

இத்தாலியில் 1991-லேயே 281-ஆம் எண் சட்டம் இதைத்தான் சொல்லிவிட்டது: சுதந்திரமாகத் திரியும் பூனையைத் துன்புறுத்தக் கூடாது, கருத்தடை செய்து அதன் கூட்டத்திலேயே விட வேண்டும்.

இன்னொரு உயிரின் நியாயமும் உண்டு. அமெரிக்காவில் மட்டும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடிப் பறவைகள் வரை கொல்வதாக 2013-ல் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் பெரும்பங்கு வளர்ப்பார் இல்லாத பூனைகளுடையது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் 1890-களில் கலங்கரை விளக்கம் வைத்தபோது ஆட்களோடு பூனையும் போனது. அங்கே இருந்த, பறக்கத் தெரியாத ஒரு சின்னக் குருவி இனம் சில வருடங்களிலேயே அற்றுப்போனது. அதனால் பறவைகள் தரையில் கூடு கட்டும் இடத்தில், தீவுகளில், பூனையைத் திரும்ப விடுவது சரி என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே அவற்றை வேலியிட்ட காப்பகத்துக்கு மாற்றத்தான் வேண்டும், செலவானாலும்.

நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். அடுத்த வீட்டுக்காரருக்காக ஒரு வார்த்தை: குறித்த நேரத்தில் தீனி வையுங்கள், மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள். குட்டிகளைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கிக்கொள்கிறேன். தனியாகக் கிடக்கும் குட்டியை உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கும், எட்ட நின்று சில மணி நேரம் பாருங்கள். உடம்பு சில்லிட்டிருந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம், முதலில் மெல்லச் சூடேற்றுங்கள், அதற்கு முன் எதுவும் ஊட்டாதீர்கள். மாட்டுப்பால் வேண்டாம், பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் கிடைக்கிறது. நாம் சாப்பிடும் பாராசிட்டமால் பூனைக்கு விஷம், அதைக் கொடுக்கவே கூடாது. சில்லிட்ட குட்டியைச் சூடேற்றிய பிறகு தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வணக்கம்.