கடைசிப் பாட்டு மட்டும் ஏன் கரகரங்குது?

மக்களே, போன வீடியோவுக்குக் கீழ ஒரே கமெண்ட் திரும்பத் திரும்ப வருது: "ரெக்கார்டுன்னா கரகரன்னுதான் இருக்கும், அதுதானே அழகு". இல்லைங்க! எனக்கு எரிச்சலே இதுதான். தூசியால 'டிக் டிக்'னு வர்றது வேற. பாடுறவங்க 'ஸ' சொல்றப்போ 'ஷ்ஷ்'னு கிழியுதே, அது அழகு இல்ல, செட்டிங் தப்பு.

12 இன்ச் ரெக்கார்டுத் தட்டு நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. வெளி ஓரத்துல ஊசிக்கடியில விநாடிக்கு சுமார் 51 செ.மீ. பள்ளம் ஓடும். கடைசிப் பாட்டு இருக்கிற உள் ஓரத்துக்குப் போகப்போக 21 செ.மீ.க்கு வந்துடும். அதே 'ஸ', பாதிக்கும் குறைவான நீளத்துல நெருக்கி வெட்டியிருக்கும். ஊசி பள்ளத்தை அழுத்துற எடை தப்பா இருந்தா ஊசி அந்த நெளிவுல தடுமாறும்.

சரி, ஆன்டி-ஸ்கேட்டை (ஆர்ம், அதாவது ஊசியைத் தாங்குற கை, உள்பக்கமா இழுபடறதை ஈடுகட்டுற செட்டிங்) 0-ல வைங்க. ஆர்முக்குப் பின்னாடி இருக்கிற எடைக்கட்டியை, அதான் கவுண்டர்வெயிட்டை, திருகி, ஆர்ம் மேலயும் போகாம கீழயும் விழாம மட்டமா மிதக்க விடுங்க. இப்போ எண் போட்ட வளையத்தை மட்டும் 0-க்குக் கொண்டு வாங்க. இங்கதான் நிறைய பேர் வெயிட்டையும் சேர்த்துத் திருப்பிடறாங்க, அங்கயே போச்சு எல்லாம்! அப்புறம் வெயிட்டையும் வளையத்தையும் ஒண்ணா, 2 கிராம் வரைக்கும்... அட, இதை முதல்லயே சொல்லியிருக்கணும்: மிதக்க விடறதுக்கு முன்னாடி ஊசி மூடியைக் கழட்டிடுங்க, அதுக்கும் எடை இருக்கு. 2 கிராமும் எல்லாத்துக்கும் பொது இல்ல, ஊசி மாட்டியிருக்கிற பாகம், அதான் கார்ட்ரிட்ஜ், அதோட பேப்பர்ல போட்டிருக்கிற எண்தான் கணக்கு.

"எடை குறைச்சா தட்டு தேயாது"ன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. ரொம்பக் குறைஞ்சா ஊசி பள்ளத்தை விட்டு எகிறி எகிறிச் சுவரைக் கீறும். அந்தக் காயம் ஆறாது.

சத்தச் சுத்தம்னு பார்த்தா டிஜிட்டல்தான் ஜெயிக்கும். சிடியோட 16 பிட்டுக்கு ரொம்ப மெல்லிய சத்தத்துக்கும் ரொம்பப் பெரிய சத்தத்துக்கும் நடுவுல சுமார் 96 டெசிபல் இடைவெளி, தட்டுக்கு 70 வந்தாலே பெருசு. ஆனா ஒரு பக்கம் இருபது நிமிஷம், ஊசியை வெச்சுட்டு உட்கார்ந்து முழுசா கேட்கிறோமே, அது எனக்கு உயிர். அந்த இருபது நிமிஷத்தோட கடைசி நாலு நிமிஷம் கிழிஞ்சா எப்படிங்க?

எல்லாம் முடிஞ்சதும் ஆன்டி-ஸ்கேட்டை, எடைக்கு வெச்ச அதே எண்ணுக்கு ஏத்திட்டு, முதல் பாட்டை விட்டுடுங்க, நேரா கடைசிப் பாட்டைப் போடுங்க. ஒரு காதுல மட்டும் 'ஸ' கிழிஞ்சா ஆன்டி-ஸ்கேட்டைக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்துங்க. ரெண்டுலயும் கிழிஞ்சா ஊசி நேரா உட்கார்ந்திருக்கான்னு பாருங்க.