சர்தை கோட்டையில காவல் இல்லாத பக்கம்

எல்லாருக்கும் என்னோட அன்பின் ஸ்தோத்திரம். விசுவாசத்துல விழிப்பா இருக்கிறத பத்தி பேசணும்னு வானொலி நிலையத்துல இருந்து போன் பண்ணி கேட்டப்போ எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, ஏன்னா அதுக்கு முந்தின ராத்திரிதான் முழங்கால் போட்டு ஜெபம் பண்ண ஆரம்பிச்சு, கட்டில்ல தலைய சாய்ச்சு, அப்படியே தூங்கி, கால் ரெண்டும் மரத்துப்போய் ரெண்டு மணிக்கு முழிச்சிருந்தேன். சரி, தூங்கினவன் பேசினாத்தான் தூங்குறவங்களுக்கு புரியும்னு ஒத்துக்கிட்டேன்.

மாற்கு 13ம் அதிகாரம் 35ம் வசனத்துல இயேசு ஒரு விஷயம் சொல்றாரு. வீட்டெஜமான் சாயங்காலம் வருவானோ, நடுராத்திரி வருவானோ, சேவல் கூவுற நேரமோ, காலையோ, உங்களுக்கு தெரியாது, அதனால விழிச்சிருங்கன்னு. ஏன் நாலு நேரம்? அந்த காலத்துல ரோமர்கள் ராத்திரிய நாலு ஜாமமா பிரிச்சு காவல் மாத்துவாங்க, ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 3 மணி நேரம், அதுக்கு முன்னாடி இஸ்ரவேலர் கணக்குல மூணு ஜாமம்தான் இருந்துச்சு, கிதியோன் கதையில நடுச்சாமம்னு வருதே அது அந்த கணக்கு. இப்போ நீங்க பைபிள மூடாம அடுத்த அதிகாரத்துக்கு போங்க. சாயங்காலம் பந்தி. அப்புறம் ராத்திரி தோட்டத்துல இயேசு மூணு தரம் வந்து பாக்குறாரு, மூணு தரமும் சீஷர்கள் தூக்கம். சேவல் கூவுற நேரம் பேதுருங்கிற சீஷன் அவர தெரியாதுன்னு மறுதலிக்கிறான். விடிஞ்சதும், இது 15ம் அதிகாரம் முதல் வசனம், அவர ரோம ஆளுநர் பிலாத்து கையில ஒப்புக்கொடுக்கிறாங்க. அவர் சொன்ன அதே நாலு ஜாமம்! சீஷர்கள் அந்த நாலையுமே கோட்டை விட்டுட்டாங்க. நான் எத்தனையோ வருஷம் இந்த அதிகாரங்கள தனித்தனியா படிச்சிருக்கேன், இது என் கண்ணுல படவே இல்ல.

அதுலயும் அந்த தோட்டத்துல அவர் எழுப்பும்போது "சீமோனே, நித்திரைபண்ணுகிறாயா?"ன்னு கேக்குறாரு. பேதுருன்னு பேர் வச்சவரே அவர்தான், கல்லு மாதிரி நிக்கணும்னு வச்ச பேரு, ஆனா அந்த நேரத்துல பழைய பேர சொல்லி கூப்பிடுறாரு. எனக்கு அந்த இடத்த படிக்கும்போதெல்லாம் ஒரு மாதிரி இருக்கும்.

இப்போ தூங்குறதே தப்பான்னு கேட்டா, இல்லங்க. விளக்கோட மணவாளனுக்கு காத்திருந்த பத்து கன்னிகைகள்னு இயேசு சொன்ன கதைய நல்லா பாருங்க, மணவாளன் வர லேட்டானப்போ "எல்லாரும்" தூங்கிட்டாங்கன்னுதான் மத்தேயு எழுதுறாரு, புத்தியுள்ள அஞ்சு பேரும் சேர்த்துதான். வித்தியாசம் விளக்குக்கு கூட எடுத்துட்டு வந்த எண்ணெயிலதான் இருந்துச்சு. அதனால நாலு மணிக்கே எழும்புறவங்க எழும்பாதவங்கள பாத்து மூஞ்சிய சுளிக்க வேண்டாம். ராத்திரி முழுக்க முழிச்சிருந்தும் எண்ணெய் இல்லன்னா என்ன பிரயோஜனம்?

அப்போ விழிப்புங்கிறது என்ன, எங்க முழிச்சிருக்கணும், இதுதான் நான் இன்னைக்கு பேச வந்தது, அதுக்கு சர்தை ஊருக்கு போகணும்.

வெளிப்படுத்தின விசேஷம் 3ம் அதிகாரத்துல சர்தை சபைக்கு இயேசு சொல்லி எழுதின ஒரு லெட்டர் இருக்கு. உயிருள்ளவன்னு பேர் இருக்கு ஆனா செத்திருக்கே, விழிச்சுக்கோ, விழிக்காம போனா திருடனப்போல வருவேன்னு. இத படிக்கிற நமக்கு இது பொதுவான எச்சரிக்கை மாதிரி தெரியும், ஆனா அந்த ஊர்க்காரங்களுக்கு இது சுருக்குன்னு குத்தியிருக்கும், ஏன்னா அந்த ஊரோட சரித்திரமே அதுதான். இப்போ துருக்கி நாட்டுல இருக்கு அந்த இடம். ஒரு காலத்துல லிதியா ராஜ்யத்துக்கு தலைநகரம், குரோசஸ்ங்கிற பெரிய பணக்கார ராஜா அங்க இருந்து ஆண்டான், கோட்டை செங்குத்தான மலை உச்சியில. கி.மு. 546 வாக்குல பெர்சிய ராஜா கோரேசு, நம்ம எஸ்றா புஸ்தகத்துல வர்ற அதே கோரேசுதான், வந்து முற்றுகை போட்டான். பதினாலு நாள் ஆச்சு. மலையோட ஒரு பக்கம் அவ்வளவு செங்குத்து, யாராலயும் ஏற முடியாதுன்னு அங்க மட்டும் காவல் வைக்கல. ஒரு நாள் மேல இருந்து ஒரு லிதிய வீரனோட தலைக்கவசம் உருண்டு கீழ விழுந்துடுச்சு, அவன் அந்த பக்கமா இறங்கி வந்து எடுத்துட்டு போனத ஒரு பெர்சிய சிப்பாய் பாத்துட்டான். இறங்க முடியும்னா ஏறவும் முடியும்ல? அடுத்த நாள் அவன் ஏற, பின்னாடியே மத்தவங்களும் ஏற, கோட்டை போச்சு. ஹெரோடோட்டஸ்ங்கிற கிரேக்க சரித்திரக்காரர் எழுதி வச்சிருக்காரு இத.

ஒரு தரம் பட்டா புத்தி வரும்னு நினைப்போம். 330 வருஷம் போல கழிச்சு மூணாம் அந்தியோகஸ்ங்கிற செலூக்கிய ராஜா முற்றுகை போட்டப்போ திரும்ப அதே கதை. இந்த தரம் காட்டிக்கொடுத்தது கழுகுங்க. செத்த மிருகங்கள மதில் ஓரத்துல ஒரு பள்ளத்துல தூக்கி போடுவாங்க, அத தின்னுட்டு கழுகுங்க மதில் மேல வந்து நிம்மதியா உக்காருது, அத பாத்த எதிராளிப் படையில ஒருத்தன், மனுஷன் நடமாட்டம் இருந்தா பறவை இப்படி உக்காருமா, அப்போ அங்க காவல் இல்லன்னு கணக்கு போட்டுட்டான். அந்த பக்கமாத்தான் ராத்திரியில ஏறினாங்க.

சர்தைக்காரங்க சோம்பேறிங்க இல்ல, அத கவனிங்க. பயம் இருந்த பக்கமெல்லாம் காவல் போட்டிருந்தாங்க. பலமா இருக்குன்னு நம்பின பக்கம்தான் போச்சு.

இத தெரிஞ்சுக்கிட்டதுக்கு அப்புறம் நான் பைபிள்ல விழுந்தவங்கள வேற மாதிரி பாக்க ஆரம்பிச்சேன். மோசே, பூமியில இருக்கிற எல்லாரையும்விட சாந்தகுணம் உள்ளவன்னு எண்ணாகமம் 12ல சர்டிபிகேட் கொடுத்திருக்கு, எட்டு அதிகாரம் தள்ளி 20ல அவன் கோபத்துலதான், கர்த்தர் பேசச் சொன்ன கன்மலைய அடிச்சு கானானுக்குள்ள போக முடியாம போனான். எலியா, கர்மேல் மலையில பாகால்ங்கிற அந்நிய தெய்வத்தோட தீர்க்கதரிசிகள் 450 பேர ஒத்த ஆளா எதிர்த்து நின்னவன், யேசபேல் ராணி ஒரு ஆள் அனுப்பி மிரட்டினதும் ஓடிப்போய் சூரைச்செடி கீழ உக்காந்து சாகணும்னு கேக்குறான். பேதுருவோட பலம் தைரியம்தான். எல்லாரும் இடறினாலும் நான் இடற மாட்டேன்னு சொன்னவன், கத்தி உருவி காதையே வெட்டினவன், விழுந்தது ஒரு வேலைக்காரப் பொண்ணு கேட்ட கேள்வியில. அவனவன் பலத்துலதான் அவனவன் விழுந்திருக்கான். நிக்கிறேன்னு நினைக்கிறவன் விழாதபடி பாத்துக்கோன்னு பவுல் கொரிந்தியருக்கு எழுதினது இதத்தான்னு நான் நினைக்கிறேன்.

என் கதைய கேளுங்க. நான் ரொம்ப வருஷமா சண்டே ஸ்கூல்ல பாடம் எடுக்கிறேன். எனக்கு பலவீனம்னு தெரிஞ்ச விஷயங்கள், கோபம், வாய், இதுக்கெல்லாம் நல்லா காவல் வச்சிருந்தேன். வேத வசனத்துல எனக்கு குறை வரும்னு நினைச்சதே இல்ல, தினமும் பைபிள் கையிலதானே இருக்கு. ஒரு நாள் கிளாஸ்ல ஒரு சின்னப் பொண்ணு எழும்பி, உங்ககிட்ட இந்த வாரம் கர்த்தர் என்ன பேசினாருன்னு சும்மா கேட்டுச்சு. எனக்கு பதில் இல்லங்க. யோசிச்சு பாத்தா மாசக்கணக்கா நான் எனக்காக ஒரு அதிகாரம் கூட படிக்கல, படிச்சதெல்லாம் பாடத்துக்கு குறிப்பு எடுக்க. மதில் மேல கழுகு எப்போ வந்து உக்காந்துச்சுன்னே தெரியல. அதுல இருந்து பாடத்துக்கு படிக்கிற பைபிள் வேற, எனக்கு படிக்கிற பைபிள் வேறன்னு ரெண்டு வச்சுக்கிட்டேன், ரெண்டாவதுல பேனாவ பக்கத்துலயே விடுறது இல்ல. இது எனக்கு செட் ஆச்சு, உங்களுக்கு வேற ஏதாவது செட் ஆகலாம்.

இன்னொண்ணு சொல்லிடறேன். "விழித்திருங்கள், விசுவாசத்திலே நிலைத்திருங்கள்"னு வர்ற வசனம் 1 கொரிந்தியர் 16:13, நம்ம வீட்டு சுவத்துல எல்லாம் மாட்டியிருப்போம். அடுத்த வசனத்த யாரும் மாட்டுறது இல்ல. உங்க காரியங்களெல்லாம் அன்போட செய்யப்படணும்னு 14ல இருக்கு. அன்பு இல்லாத விழிப்பு வேவு பாக்குறதுல போய் முடியும், யார் சபைக்கு வரல, யார் காணிக்கை போடல, யார் என்ன டிரஸ் போட்டாங்கன்னு. மத்தவங்க கோட்டைக்கு காவல் நிக்கிறவன் தன் வாசல தொறந்து போட்டுட்டுதான் வந்திருப்பான்.

டைம் ஆகுதுன்னு கண்ணாடிக்கு அந்த பக்கம் கை காட்டுறாங்க, பேதுருவ தோட்டத்துல தூங்க விட்டுட்டு போக மனசு வரல, அதனால அப்போஸ்தலர் 12 மட்டும். ஏரோது ராஜா அவன ஜெயில்ல போட்டு, வகுப்புக்கு நாலு பேரா நாலு வகுப்பு, 16 போர்ச்சேவகர காவல் வைக்கிறான். ராத்திரிக்கு நாலு ஜாமம் இல்லையா, ஜாமத்துக்கு ஒரு வகுப்பு போல. இன்னொரு சீஷன் யாக்கோப ஏற்கனவே வெட்டியாச்சு, விடிஞ்சா இவன் முறை. அந்த ராத்திரி பேதுரு ரெண்டு சேவகர் நடுவுல, ரெண்டு சங்கிலி போட்டு, தூங்குறான்! வெளிச்சம் வந்தும் முழிக்கல, தூதன் விலாவுல தட்டித்தான் எழுப்ப வேண்டியிருக்கு. தோட்டத்து தூக்கமும் இதுவும் ஒண்ணா? எனக்கு அப்படி தோணல. அங்க சபை வீட்டுல ஊக்கமா ஜெபம் பண்ணிட்டு இருக்கு, விழிப்புன்னா அதுதானே, ஆனா ரோதைங்கிற பொண்ணு ஓடிவந்து பேதுரு வாசல்ல நிக்கிறான்னு சொன்னதும் நீ பிதற்றுறேன்னு அவ வாய அடைக்கிறாங்க, சந்தோஷத்துல அவளும் கதவ திறக்காமலே ஓடி வந்துட்டா. பேதுரு வெளிய நின்னு இன்னும் தட்டிக்கிட்டே இருக்கான்.