ஊருக்குப் பக்கத்தில்

வணக்கம் நேயர்களே. வதைமுகாம் என்றால் எங்கோ ஆளரவமற்ற காட்டுக்குள், யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். போன ஜனவரியில் ஜெர்மனியின் வைமர் நகரத்தில் டவுன் பஸ் ஏறி, அரை மணி நேரம்கூட ஆகாமல் புக்கன்வால்ட் வதைமுகாமில் இறங்கியபோது அந்த நினைப்பு போய்விட்டது.

வைமர், ஜெர்மன் கவிஞர்களான கதேயும் ஷில்லரும் வாழ்ந்து எழுதிய ஊர். கதே உலாவப் போன அதே எட்டர்ஸ்பெர்க் குன்றில்தான் 1937இல் நாஜிகள் இந்த முகாமைக் கட்டினார்கள். காட்டை அழித்தபோது ஒரு ஓக் மரத்தை மட்டும் விட்டுவைத்தார்கள், கைதிகள் அதைக் கதே மரம் என்று சொன்னார்களாம். 1944இல் நடந்த குண்டுவீச்சில் அது எரிந்துபோனது, அடிக்கட்டை இன்னும் இருக்கிறது.

முகாம் வாசலின் இரும்புக் கதவில் 'அவரவருக்கு உரியது அவரவருக்கு' என்று ஜெர்மன் மொழியில் ஒரு வாசகம். வெளியிலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிகிறது. உள்ளே நிற்கிறவன் தினமும் படிக்கவேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்துகளை வடிவமைக்க வைக்கப்பட்ட ஃபிரான்ஸ் எர்லிக்கும் ஒரு கைதிதான், பௌஹவுஸ் கலைப்பள்ளியில் படித்தவர். நாஜிகள் வெறுத்த அந்தப் பள்ளியின் பாணியிலேயே அவர் எழுத்தை அமைத்துவிட்டார். காவலர்களுக்கு அது புரியவேயில்லை போலிருக்கிறது.

8 ஆண்டுகளில் ஏறத்தாழ 2,80,000 பேரை இங்கே அடைத்திருக்கிறார்கள், சுமார் 56,000 பேர் இறந்தார்கள். பிணம் எரித்த உலைகளையும் பார்த்தேன். ஆனால் என்னை உலுக்கியது வேறொன்று. முள்வேலிக்கு வெளியே, அந்த உலைக்கூடத்துக்கு எதிரிலேயே, ஒரு சின்ன மிருகக்காட்சி சாலையின் இடிபாடு. காவலர்களும் அவர்கள் குடும்பமும் பொழுதுபோக்க 1938இல் கட்டியது. கரடி வளர்த்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கரடியைக் காட்டிய அப்பாக்களுக்கு, தலையைத் திருப்பினால் கைதிகள் தெரிந்திருப்பார்களே! அங்கேதான் ரொம்ப நேரம் நின்றேன்.

1945 ஏப்ரல் 11ஆம் தேதி முகாம் விடுதலையானது. ஐந்து நாள் கழித்து அமெரிக்க ராணுவம் வைமர் மக்கள் ஆயிரம் பேரை அழைத்துவந்து எல்லாவற்றையும் பார்க்கவைத்தது. தங்களுக்கு எதுவும் தெரியாது என்றார்கள் பலர். கைதிகளைக் கொண்டுவந்த ரயில்கள் அவர்கள் ஊர் வழியாகத்தான் வந்தன.

அப்புறம், இதையும் சொல்லவேண்டும். போர் முடிந்தபின் சோவியத் படை இதே இடத்தை 1950 வரை தன் கைதி முகாமாக வைத்திருந்தது, அதிலும் 7,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

கைதிகளை நிற்கவைத்து ஆள் எண்ணிய மைதானத்தில், 1995இல் தரையோடு தரையாக ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் எந்தெந்த நாட்டுக்காரர், எந்தெந்த இனத்தவர் என்று அதில் பொறித்திருக்கிறது. மனித உடம்பின் சூடு, அதாவது 37 டிகிரி, வருஷம் முழுக்க அதில் இருக்கும்படி செய்திருக்கிறார்கள். நான் போனபோது மைதானம் முழுக்கப் பனி, தகட்டின் மேல் மட்டும் இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளங்கையை வைத்தேன். காய்ச்சல் இல்லாத குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது.